கடலுக்கு முதுகு காட்டி

ஊவா மலைநாட்டில் என் அளவுக்குக் கடல் பார்த்த தேயிலைத் தோட்டத்து ஆள் இன்னொருவர் இருந்தால் பண்டாரவளைக்கு வரச் சொல்லுங்கள், உட்காரவைத்து டீ வாங்கித் தருகிறேன். அம்பாந்தோட்டை, தங்காலை, பொத்துவில், அறுகம்குடா, பாணமை எல்லாம் பார்த்தாயிற்று. ஆமை முட்டையிடும் கரை ஒன்று, கடல் தண்ணீர் தேங்கி முதலை கிடக்கும் களப்பு இரண்டு, குமணைப் பறவைக்காடு. ஒரு தடவை ஒரே நாளில் நாலு கடற்கரை பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருக்கிறேன். கடையில் சொன்னபோது சிரித்தார்கள். மகளின் போனில் படம் இருந்தது, காட்டினேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன். பதினாலு வயதில் மரக்கறி லொறியில் கிளீனராக ஏறினேன். இருபத்திரண்டில் ஸ்டீரிங் பிடித்தேன். முப்பத்தைந்தில் லொறி என்னுடையதாக இருந்தது. இன்றைக்குப் பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை, மேல்மாடி வைத்த வீடு, பதினாலு பேர் போகிற வேன். எங்கள் லயத்தில் மாடிப்படி ஏறிப் படுத்த முதல் ஆள் நான்தான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை எழுதும்போதுகூட மகள் எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்துகிறாள், விஷயம் முழுக்க என்னுடையது.

ஆனால் இத்தனை கடல் பார்த்தும் என் மனைவிக்குச் சொன்ன ஒரு சின்னச் சொல்லை நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் நிறைவேற்றவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

அவளும் அதே தோட்டம். பதினைந்து வயதில் கூடை கட்டியவள் நாற்பத்தைந்தில்தான் அவிழ்த்தாள். அவள் அதிகம் நின்றது ஏழாம் நம்பர் மலையில். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வோம், நம்பர் போட்டு. ஏழாம் நம்பர் தெற்கே பார்த்த சரிவு. மழை விட்ட தையிலும் மாசியிலும் காலைப் பனி கலைந்தால் கீழே காடு, வயல், குளம் எல்லாம் தாண்டி, வானமும் தரையும் ஒட்டுகிற இடத்தில் ஒரு வெள்ளிக் கம்பியைக் கிடத்தி வைத்த மாதிரி கடல் தெரியும். கொழுந்தை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். கடலையா பறிக்கப் போற, நெறைய பாரு என்று கங்காணி அவளை ஏசாத நாள் இல்லை என்று அவளே சொல்வாள். நெறை என்றால் தேயிலைச் செடி வரிசை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"நீங்க லொறியில அந்தப் பக்கமெல்லாம் போறீங்களே. அங்கருந்து பாத்தா நம்ம மலை தெரியுமா?"

தெரியாமலா, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

வேன் வாங்கிய பிறகு நாலு தடவை தெற்குக் கரைக்குக் கூட்டிப் போனேன். நாலு தடவையும் மலை தெரியவில்லை. பகலில் வெயில் புழுக்கம் வெள்ளையாக எழும்பி வடக்கே எல்லாவற்றையும் மூடிவிடும். இருந்து பார்க்க நான் விட்டதில்லை. பத்து நிமிஷம். காலை நனைத்தோமா, படம் எடுத்தோமா, "பாத்தாச்சு, ஏறுங்க" என்பேன். அடுத்த கரை. என் சுபாவம் அது. தக்காளி ஏற்றிய லொறியை வழியில் நிறுத்திப் போட்டால் கொழும்பு போய்ச் சேரும்போது பாதி சாறாக ஒழுகும். அந்தப் பயம் சின்ன வயதிலேயே காலில் ஏறியது, தக்காளியை விட்டு இருபது வருஷமாகியும் இறங்கவில்லை.

போன வருஷம் பதுளையில் கண் டாக்டர் அவளைச் சோதித்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் என்றார். வலது கண் எப்போதோ போய்விட்டிருக்கிறது, அவளுக்கே தெரியவில்லை. இடது கண்ணில் ஓரமெல்லாம் அரித்து நடுவில் மட்டும் பார்வை இருக்கிறது. மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும், போனது வராது. நான் கொழும்பில் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சத்தமாகப் பேசினேன். காட்டவும் செய்தேன். அவரும் அதையே சொன்னார். பதுளை ஆஸ்பத்திரிப் படியில் என் தோளைப் பிடித்து இறங்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான். தையில் மழை விட்டுவிடும்தானே, ஒருக்கால் போவோமா என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மகள் என்னை நம்பவில்லை. பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பிள்ளைகளிடம் வாக்கு வாங்கிப் பழகியவள். வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினாள். இந்தத் தடவை ஒரே கடற்கரை, பொழுது இறங்கும்வரை, கிளம்பு என்று ஒரு வார்த்தை வரக்கூடாது என்று சொல்லவைத்தாள். சொன்னேன். நான் வாக்குத் தவறாதவன், சந்தையில் யாரையும் கேளுங்கள்.

மழை முழுக்க விட்ட ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். விடியற்காலை நாலு மணிக்கு நான் பெரட்டுப் போட்டேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. நம்ம மூணு பேர்தான் அப்பா, எண்ண வேண்டியதில்ல என்று மகள் கொட்டாவி விட்டாள். மனைவி கையில் ஒரு பழைய படங்கு சுருட்டி இருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் பனியும் கிளையும் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடிச் சாக்கு. வீட்டில் புதுப்பாய் மூன்று இருக்கிறது, சாக்கையா கொண்டுவருகிறாய் என்றேன். நான் ஏழாம் நம்பர்ல நின்னது இதோட என்று வேனில் ஏறிவிட்டாள்.

எல்ல இறக்கத்தில் இறங்கி, வெல்லவாயவில் வேர்வையில் சட்டை நனைந்து, ஒன்பது மணிக்கெல்லாம் புந்தல வாசலில் நின்றோம். சரணாலயத்துக்குள்ளே ஜீப். ஜீப்காரர் சிங்களவர், அமைதியான மனிதர். எனக்குச் சிங்களம் சந்தையில் வந்தது, தமிழை விட வேகமாகப் பேசுவேன். களப்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரண்டி மூக்கோடு சில பறவைகள், தொண்டையில் பை தொங்குகிற பெரிய பறவைகள், பழுத்த இலை நிறத்தில் இறக்கை ஓரம் வைத்த நாரைகள். சேற்றில் ஒரு முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு வேலை இல்லை என்கிற மாதிரி கிடந்தது. நான் நாரைகளை எண்ணினேன். நூற்றுப்பத்து. மூட்டையா எண்ணுறீங்க, பாருங்கப்பா என்றாள் மகள். பார்த்தாச்சு என்றேன். அடுத்த களப்பு எங்கே என்று ஜீப்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மனைவி மட்டும் களப்புக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முட்காட்டுக்கு மேலே வடக்கே வெள்ளையாகப் புகைச்சல். ஜீப்காரர் கண்ணாடியில் அவளைக் கவனித்துவிட்டு, அம்மாவுக்குப் பறவை பிடிக்கவில்லையா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். பகலில் தெரியாது, சாயங்காலம் சூடு இறங்கியதும் கடற்கரை மணல்மேட்டில் ஏறி இருந்தால், யாரோ துணியை உருவின மாதிரி மலை வரும் என்றார். சில நாள் வராது என்றும் சொன்னார்.

மூன்று மணிக்குக் கிரிந்தவுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் கரைக்கு வந்தோம். வேனைப் பாதையோரம் நிறுத்திவிட்டு வழக்கம்போல இறங்கிப் பின் டயருக்குக் கல் தேடினேன். மலைநாட்டில் வண்டி ஓட்டினவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஒரு நிமிஷ வேலை என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து எஞ்சினை ஓடவிட்டு நிற்போம். தங்குவதென்றால் கல் வைப்போம். அங்கே கல்லும் இல்லை, சரிவும் இல்லை. தட்டையான தரையில் நின்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பதை, படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணல்மேட்டின் உச்சியில் மனைவி படங்கை விரித்து உட்கார்ந்தாள். கடலுக்கு முதுகு, வடக்கே முகம். கரைக்கு வந்த அத்தனை சனமும் கடலைப் பார்த்து நிற்க, இவள் மட்டும் முள்ளையும் புழுக்கத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். வலை தைத்த மீனவர் மேலே வந்து, ஐம்பது வயதிருக்கும், தமிழ் பேசுகிற முஸ்லிம், அம்மாவுக்குக் கடலோட கோபமா என்று கேட்டார். இவள் சிரித்து, அதைத்தான் முப்பது வருஷம் பாத்தேனே என்றாள்.

இனி மூன்றேகால் மணித்தியாலம். நான் என்ன செய்வது? கரையில் ஒரு கோடிக்கு நடந்தேன், மறுகோடிக்கு நடந்தேன். படகுகளை எண்ணினேன். படகுக் கயிறு கட்டியிருந்த முடிச்சு சரியில்லை என்று ஒரு பையனுக்கு லொறி முடிச்சு போட்டுக் காட்டினேன், அவன் நான் நகர்ந்ததும் அவிழ்த்துவிட்டான். கடைப் பையனின் வீட்டுக்குப் போன் போட்டு ஆணி இருப்பு கேட்டேன். திரும்ப மேட்டில் ஏறி வடக்கே பார்த்தேன். வெள்ளை. மணி நாலு. அரை மணி தூரத்தில் பறவை நிறைய இறங்குகிற ஒரு குளம் இருப்பதாக யாரோ சொன்னது காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனைவியிடம் போய்க் குளத்தைப் பற்றிச் சும்மா சொல்கிற மாதிரி சொன்னேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "நான் இங்கதான் இருப்பேன்."

அவளைத் தனியே விட்டுப் போகிறவனா நான்? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வேனை மேட்டின் அடி வரைக்கும் கொண்டுவந்துவிட்டால், பொழுது இறங்கிய அடுத்த நிமிஷம் அவளை ஏற்றிவிடலாம். மணலில் நடந்தால் அம்மாவுக்கு முட்டி வலிக்கும் என்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, வேண்டாம் என்றாள். பெரகல மலைப்பாதை வளைவில் மூடுபனியில் முப்பது வருஷம் லொறி ஓட்டினவனுக்குத் தட்டைத் தரை என்ன பெரிய காரியம்? இறக்கினேன். படகு இழுத்த தடத்தில் இருபது யார் தூரம் நன்றாகத்தான் போனது. கடல் பக்கம் திரும்புகிற இடத்தில் பின் சக்கரம் அமுங்கியது. மலையில் வண்டி திணறினால் என்ன செய்வோம்? முதல் கியரைப் போட்டு இறுக்கி மிதிப்போம். மிதித்தேன். மணல் பின்னால் மழையாகப் போனது. இன்னும் மிதித்தேன். வேன் அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. கால் மிதி விரிப்பை டயருக்கு அடியில் வைத்து மிதித்தேன், அது பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. பத்தடி தள்ளி அலை வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

மீனவர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"மிதிக்க வாணாம் ஐயா. மலைக்கு மிதிக்கிற மாதிரி மணலுக்கு மிதிச்சா கெணறுதான் வெட்டும்."

"நான் மலைன்னு எப்படித் தெரியும்?"

"மணல்ல கல்லுத் தேடினீங்களே."

எனக்கு அந்த மாதிரிப் பேச்சுப் பிடிக்காது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். டயரில் காற்றைக் குறைத்தார், சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே வழி வெட்டினார். பலகை வழுக்கும், சாக்குத்தான் பிடிக்கும் என்றார். அவரிடம் மீன் சாக்கு ஒன்றுதான் இருந்தது. இன்னொரு சக்கரத்துக்கு இன்னொன்று தடிப்பாக வேண்டும், அலை சாயங்காலம் இன்னும் ஏறும், உப்புத் தண்ணி உள்ளே போனால் வண்டி நாசம் என்றார். நானும் மகளும் ஒரே நேரத்தில் மணல்மேட்டை நிமிர்ந்து பார்த்தோம்.

மூச்சு வாங்க ஏறினேன். மணி ஆறுக்குப் பத்து நிமிஷம்.

"ஏ புள்ள, எந்திரி. படங்கக் குடு."

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் திருப்பவில்லை.

"பொழுது எறங்கட்டும்."

"தண்ணி வருது புள்ள."

"வேனுக்குத்தான வருது."

என் வேனைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் உழைத்து வாங்கின வண்டி என்று ஆரம்பித்தேன். அவள் படங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. எனக்கு இருக்கிறது ஒத்தக் கண்ணு, அதுவும் ஓட்டை வழியா பாக்கிற மாதிரி. மலை வந்தாலும் எனக்குத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அத்தனை தடவை கூட்டிவந்தும் அவள் என்னிடம் அப்படி ஒரு உதவி கேட்டதில்லை. கீழே மகள் கையை வீசிக் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் அஞ்சு நிமிஷம் உடம்பு முழுக்க எறும்பு ஓடும். பின்னால் அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இது சக்கரத்தைத் தொட்டிருக்கும், இது தொட்டிருக்கும் என்று எண்ணினேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. வடக்கே வெள்ளை மெல்லப் பழுப்பாகி, பழுப்பு நீலமானது. சூரியன் இடது பக்கம் முட்காட்டுக்குள் இறங்கியது. அப்போது, எதுவும் அசையவில்லை, எதுவும் விலகவில்லை, ஆனால் வானத்துக்கு அடியில் ஒரு கோடு இருந்தது. கத்தியால் வெட்டின மாதிரி நீளச் சுவர். எனக்கு எழுபது வயதாகியும் கண்ணாடி கிடையாது, முதலில் கண்டது நான்தான்.

"வந்திருச்சு," என்றேன்.

"எங்க?"

விரலை நீட்டினேன், அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் தாடையைப் பிடித்து முகத்தை மெல்ல மெல்ல இடது பக்கம் திருப்பினேன். ஒரு இடத்தில் என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மேலே பல் விழுந்த மாதிரி இருக்கிற பள்ளம் பெரகல, அதுக்கு இடது பக்கம் கீழே இறங்குகிற முதுகு நம்ம தோட்டம், முதுகு வளையுற இடம் ஏழாம் நம்பர்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இவள் பார்த்துச் சொல்கிறாளா, மனசில் இருப்பதைச் சொல்கிறாளா? எனக்காகச் சொல்கிறாளா? அது தெரியாமல் என்னால் இறங்க முடியாது. இடது பக்கம் பள்ளத்துக்கு மேலே மேகம் நிற்கிறது பார் என்று வேண்டுமென்றே பொய் சொன்னேன்.

"எடது பக்கம் ஒண்ணும் இல்ல. வலது பக்கந்தான் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது, நாய்க் காது மாதிரி," என்றாள். "ஏன், எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?"

நாய்க் காது மாதிரியேதான் இருந்தது.

பண்டாரவளை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அது மலைக்குப் பின்னால, இங்கருந்து தெரியாது என்றாள். என் கடை, மாடி வீடு, எதுவும் அங்கிருந்து தெரியாது. தெரிந்தது அவள் கூடையோடு நின்ற சரிவு மட்டும். இதில் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

மீனவர் பொறுமை கெட்டு மேலே ஏறி வந்தார். மனைவி அவரைக் கேட்டாள்.

"தம்பி, நாங்க அங்க நின்னுக்கிட்டு எப்பவும் இங்க பாப்போம். இங்கருந்து யாராச்சும் அங்க பாப்பாங்களா?"

"என்னம்மா இப்பிடிக் கேக்கிறீங்க," என்றார். "கடல்ல இருந்து நாங்க கரைக்கு வாறதே அந்த மலையப் பிடிச்சுத்தானே. வாப்பா காலத்துல இருந்து அந்தப் பள்ளத்துக்கு நேரா வச்சுத்தான் தோணிய விடுறது."

அவள் வடக்கே திரும்பினாள். மலையை இன்னொரு தடவை தேடி எடுத்துப் பார்த்தாள், இந்தத் தடவை என் கை தேவைப்படவில்லை. பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். படங்கை உதறி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இப்பப் போடுங்க."

அலை பின் சக்கரத்தை ரெண்டு தடவை நக்கியிருந்தது. மீன் சாக்கு ஒரு சக்கரத்துக்கு, படங்கு மறு சக்கரத்துக்கு. மிதிக்காமல், மீனவர் சொன்னபடி ரெண்டாவது கியரில் முட்டை மேல் ஓட்டுகிற மாதிரி விட்டேன். வேன் ஏறி வந்தது. படங்கு நடுவில் கிழிந்து சக்கரத்தில் சுற்றியிருந்தது. அதை எறி என்றாள் மகள். மனைவி மணலை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத் திஸ்ஸவில் ஒரு அறையில் தங்கினோம். நான் டார்ச் வெளிச்சத்தில் வேனின் அடியில் படுத்து உப்பைக் கழுவினேன்.

காலையில் பெரட்டு இல்லை. ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வெல்லவாயவில் நான் எல்ல ரோட்டுக்குத் திருப்பப் போனேன், அதுதான் சீக்கிரம். கொஸ்லந்தைப் பக்கமா போங்க என்றாள். போனேன். கொஸ்லந்தை தாண்டிப் பெரகலவுக்கு ஏறும்போது ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கதவைத் திறந்து அம்மாவை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். கீழே எல்லாம் கழுவி வைத்த மாதிரி கிடந்தது. வானத்தின் அடியில் அந்த வெள்ளிக் கம்பி. அவள் கையை நெற்றிக்கு வைத்து அதைத் தேட ஆரம்பித்தாள். இடமிருந்து வலமாக, துண்டு துண்டாக, ஓட்டை வழியாகப் பார்க்கிறவள் தேடுகிற மாதிரி. இதற்கு நேரமாகும் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு சந்தை நாள், கடை திறக்கிற நேரம் தாண்டியிருந்தது. சாவி என் பையில் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். இறங்கி, ஓடையோரம் கிடந்த கல்லில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, பின் டயருக்கு அடியில் வைத்தேன்.